ஆளுக்கேற்ற துடுப்பு

பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் போகும் ரயில் பாதையில் கோரமண்டல் என்று ஒரு நிலையம் உண்டு. கோலார் தங்க வயலின் பழைய சுரங்கங்களில் ஒன்றின் பெயர் அது. சோழமண்டலக் கடற்கரையின் பெயரைச் சுமக்கும் அந்த இடத்திலிருந்து கடல் 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஊர் இருப்பதோ கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில். அப்படியிருந்தும் கடலுக்கும் தங்க வயலுக்கும் நீர்வழி உறவு ஒன்று உண்டு. நந்தி மலைப் பக்கம் பிறக்கும் பாலாறு, சுரங்க நகரத்துக்குத் தண்ணீர் தந்த பேத்தமங்கலம் ஏரியை நிரப்பிவிட்டு, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாக இறங்கி, கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் வயலூரில் வங்கக் கடலைத் தொடுகிறது. மொத்த நீளம் 348 கிலோமீட்டர். இன்று பெரும்பகுதி வெறும் மணல்தான் என்பது வேறு வருத்தம்.

இந்த ஆற்றின் ஒரு முனையில் தலைமுறை தலைமுறையாக ஷவல் பிடித்த கைகள். மறுமுனையில் துடுப்பு பிடித்த கைகள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலம் பக்கத்திலிருந்தும் போய்ப் பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய தமிழர்கள் ஷவலால் பாறைத் துகளை அள்ளினார்கள். சதுரங்கப்பட்டினம் கரையில் கட்டுமரம் தள்ளியவர்கள் துடுப்பால் தண்ணீரைத் தள்ளினார்கள். இரண்டு கருவிக்கும் பின்னால் இருப்பது ஒரே விதி. அந்த விதி தெரிந்தவர் துடுப்பு வாங்கப் போனால் ஏமாற மாட்டார்.

கேள்வி எளிமையானது. எவ்வளவு பெரிய துடுப்பு நல்லது? பெரிதாக இருந்தால் அதிகத் தண்ணீரைத் தள்ளலாம், படகு வேகமாகப் போகும் என்றுதான் முதலில் தோன்றும். ஷவல் விஷயத்திலும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். அமெரிக்காவின் பெத்லஹேம் இரும்பு ஆலையில் 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் பிரடெரிக் டெய்லர் என்ற பொறியாளர் அதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு தடவைக்கு 21 பவுண்டு, அதாவது சுமார் 9.5 கிலோ அள்ளும்போதுதான் ஓர் ஆள் நாள் முழுவதும் சேர்த்து அதிக எடையை நகர்த்த முடிகிறது என்று அவர் கண்டார். அதற்கு மேல் அள்ளினால் களைப்பு முந்திக்கொள்கிறது. கீழே போனால் உழைப்பு வீணாகிறது. ஆகவே கனமான தாதுவுக்குச் சின்ன ஷவல், லேசான கரித்தூளுக்குப் பெரிய ஷவல் என்று பிரித்துக் கொடுத்தார். தொழிலாளியைக் கடிகாரத்தோடு கட்டிப்போட்டவர் என்ற பழி டெய்லர் மேல் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனால் இந்த ஒரு கண்டுபிடிப்பு தொழிலாளியின் உடம்பை மதித்த கண்டுபிடிப்பு என்றே நான் நினைக்கிறேன்.

ஏன் அப்படி ஓர் அளவு இருக்கிறது என்பதற்குத் தசைக்குள்ளிருந்து விடை சொன்னவர் ஆர்ச்சிபால்ட் ஹில். தசை ஆராய்ச்சிக்காக 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்ற ஆங்கிலேயர். 1938இல் அவர் வெளியிட்ட சமன்பாடு இதைத்தான் சொல்கிறது: தசை எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறதோ அவ்வளவு குறைவாகத்தான் அதனால் இழுக்க முடியும். அசையாத சுவரை இழுத்தால் விசை உச்சத்தில் இருக்கும், ஆனால் எதுவும் நகராது, வேலை பூஜ்யம். வெறும் காற்றில் கையை வீசினால் வேகம் உச்சத்தில் இருக்கும், விசை இல்லை, அங்கேயும் வேலை பூஜ்யம். இரண்டுக்கும் நடுவே, உச்ச வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில், தசை தன் முழுத் திறனைக் காட்டுகிறது. துடுப்பின் பலகை எவ்வளவு அகலம் என்பது, நம் தசையை இந்தக் கோட்டில் எந்தப் புள்ளியில் நிறுத்தப் போகிறோம் என்பதற்கான முடிவு. சைக்கிளில் கியர் மாற்றுவது போலத்தான்.

இப்போது தண்ணீரின் பக்கம் வருவோம். துடுப்பைத் தண்ணீரில் ஊன்றி இழுக்கும்போது அது தரையில் ஊன்றிய கம்பு போல நிற்பதில்லை. சற்றே பின்னுக்கு வழுக்குகிறது. அந்த வழுக்கலில்தான் விசையே பிறக்கிறது. வழுக்கும் வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு. ஆனால் வழுக்கலில் போகும் ஆற்றல் படகுக்குச் சேராது. சுழல்களாகவும் நுரையாகவும் பின்னால் போய்விடும். படகு விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போகிறது, துடுப்பு 1 மீட்டர் வழுக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உழைப்பில் நான்கில் மூன்று பங்கு, 75 விழுக்காடு, படகுக்குப் போகிறது. அதே விசைக்குப் பலகையின் பரப்பை இரு மடங்காக்கினால் வழுக்கல் 0.7 மீட்டராகக் குறையும். பயன் 81 விழுக்காடாகும். பலகை இரு மடங்கு, லாபம் வெறும் ஆறு விழுக்காட்டுப் புள்ளி. அதற்குக் கொடுக்கும் விலை கூடுதல் எடை, காற்றில் கூடுதல் தடை, ஒவ்வொரு இழுப்பிலும் தோளுக்கு விழும் அடி. பெரிய துடுப்பு தேடுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

பக்கமிதவைத் தோணிக்கான துடுப்பில்தான் இந்தக் கணக்கு மிகக் கூர்மையாகத் தெரியும். ஒல்லியான தோணி, அதன் ஒரு பக்கத்தில் இரண்டு கழிகளால் இணைத்த மிதவைக் கட்டை. இலங்கையின் நீர்கொழும்புக் கரையில் இன்றும் பாய் விரித்து ஓடும் ‘ஒரு’ என்ற மீன்பிடித் தோணி இந்த வகைதான். தென்கிழக்கு ஆசியத் தீவுகளிலிருந்து பசிபிக் முழுவதும் பரவிய ஆஸ்ட்ரோனேசிய மக்கள் இத்தகைய படகுகளிலும் இரட்டைத் தோணிகளிலும்தான் ஹவாய், ஈஸ்டர் தீவு வரைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். மனித குலத்தின் மிகத் துணிச்சலான பயணம் அது. வேறெதையும் அதற்குப் பக்கத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஹவாயில் 1952 முதல் மொலோக்காய் தீவிலிருந்து ஒவாஹு தீவுக்கு ஆறு பேர் வலிக்கும் தோணிப் பந்தயம் நடக்கிறது. தூரம் 60 கிலோமீட்டருக்கு மேல். அத்தனை தூரம் வலிக்கிறவனுக்குத் துடுப்பில் பத்து கிராம்கூடப் பெரிய விஷயம்.

எடையைப் பார்ப்போம். நிமிடத்துக்கு 60 இழுப்பு என்பது சாதாரண வேகம். ஒரு மணி நேரத்துக்கு 3,600. ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் துடுப்பை நீரிலிருந்து தூக்கி முன்னே கொண்டுபோக வேண்டும். நல்ல கார்பன் நார்த் துடுப்பு சுமார் 300 கிராம். சாதாரண மரத் துடுப்பு 550 கிராம் இருக்கலாம். வித்தியாசம் 250 கிராம்தானே என்று தோன்றும். 3,600ஆல் பெருக்கினால் 900 கிலோ! ஆனால் மொத்த எடையைவிட அது எங்கே இருக்கிறது என்பது முக்கியம். பலகை முனையில் கனமிருந்தால் அதை வீசித் திருப்புவது கடினம். கடையில் தராசு தேட வேண்டாம். மேல் பிடியைக் கையில் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாருங்கள், மணிக்கட்டே சொல்லிவிடும்.

மரத்தை மட்டமாகவும் நினைத்துவிட வேண்டாம். மரத்தண்டு சற்றே வளையும். நீரில் ஊன்றும் கணத்தின் அதிர்ச்சியை அது உள்வாங்கிக்கொள்கிறது. கார்பன் வளையாது, அந்த அடி நேராகத் தோளுக்கு வரும். அதனால்தான் மரத்தண்டும் கார்பன் பலகையும் சேர்த்த கலப்புத் துடுப்புகளும் வந்திருக்கின்றன. மரத்தை எடுத்தால் ஒன்றைப் பாருங்கள்: நார் தண்டின் நீளவாக்கில் நேராக ஓட வேண்டும். நாருக்கு நேர்வாக்கில் மரத்துக்கு இருக்கும் பலம் குறுக்குவாக்கில் கிடையாது. நார் சாய்ந்து தண்டின் ஓரத்தில் வெளியேறினால், விரிசல் விழப்போகும் இடம் அதுதான்.

சில துடுப்புகளில் தண்டும் பலகையும் சேரும் இடத்தில் ஒரு வளைவைப் பார்த்திருப்பீர்கள், பத்துப் பன்னிரண்டு பாகை இருக்கும். முதல் பார்வையில் துடுப்பு கோணலாகிவிட்டதோ என்று தோன்றும். 1970களின் தொடக்கத்தில் மினசோட்டாவைச் சேர்ந்த படகு வடிவமைப்பாளர் ஜீன் ஜென்சன் இதைப் பிரபலமாக்கினார். காரணம் அழகானது. இழுப்பின் பிற்பகுதியில் பலகை பின்னோக்கிச் சாயும். 30 பாகை சாய்ந்துவிட்டால் விசையில் 87 விழுக்காடுதான் படகை முன்னே தள்ளும். அதோடு விசையின் பாதி அளவுக்குத் தண்ணீரை மேலே தூக்கவும் படகைக் கீழே அமுக்கவும் செய்வோம். தண்டை 10 பாகை வளைத்தால் அதே இடத்தில் பலகையின் சாய்வு 20 பாகை. முன்தள்ளும் விசை 94 விழுக்காடாக ஏறுகிறது, வீண் தூக்கல் விசையின் மூன்றில் ஒரு பங்காக இறங்குகிறது. அப்படியானால் இன்னும் வளைக்கலாமே? கூடாது. இழுப்பின் தொடக்கத்தில், துடுப்பை முன்னே ஊன்றும்போது, அதே வளைவு எதிராக வேலை செய்யும். பத்துப் பன்னிரண்டு என்பது இரண்டு நஷ்டத்துக்கும் நடுவே கிடைத்த சமரசம். பின்னால் உட்கார்ந்து திசை திருப்புகிறவருக்கு நேரான தண்டும் பெரிய பலகையும்தான் ஏற்றது. அவர் வேலை வேறு.

நீளம் இன்னும் தனிப்பட்டது. அதை உயரத்தை வைத்து முடிவுசெய்யாதீர்கள். உட்கார்ந்து வலிப்பதால் இடுப்புக்கு மேல் உள்ள நீளம்தான் கணக்கு. ஒரே உயரமுள்ள இருவருக்குக் கால் நீளம் வேறு, முதுகு நீளம் வேறு. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, துடுப்பைத் தலைகீழாகப் பிடித்து, கைப்பிடியைத் தொடைகளுக்கு நடுவே இருக்கையில் ஊன்றுங்கள். தண்டு முடிந்து பலகை தொடங்கும் இடம் தாடைக்கும் கண்ணுக்கும் நடுவே வர வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு மொத்த நீளம் 120 முதல் 132 சென்டிமீட்டருக்குள் அடங்கும். நீளம் கூடினால் மேல் கை தலைக்கு மேலே ஏறித் தோள்மூட்டு தேயும். குறைந்தால் பலகை முழுவதும் மூழ்காது, காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். காற்று புகுந்த பலகைக்குப் பிடிமானம் போய்விடும்.

19ஆம் நூற்றாண்டின் சென்னைக் கடற்கரைச் சித்திரங்களில் கட்டுமரக்காரர்கள் மண்டியிட்டு, நடுவில் பிடித்த ஒரு நீளத் தட்டைக் கட்டையால் மாறிமாறி இரு புறமும் வலிப்பதைக் காணலாம். பிடியும் இல்லை, வளைவும் இல்லை. அலையில் அடித்துக்கொண்டு போனால் கவலைப்படாமல் இன்னொன்று செதுக்கிக்கொள்ளலாம். அவர்களுடைய வேலைக்கு அதுவே சரியான துடுப்பு. இன்றைய பந்தயத் துடுப்பை அவர்கள் கையில் கொடுத்தால், சென்னைக் கரையின் உடையும் அலையில் ஒரு வாரம் தாங்குமா என்பது சந்தேகம்.

முதல் துடுப்பு வாங்குகிறவருக்கு என் முடிவு இது: பலகை நடுத்தர அகலம், 23 முதல் 25 சென்டிமீட்டர், பத்துப் பாகை வளைவு, மரம் அல்லது கலப்பு. கயாக் படகுக்கான இருமுனைத் துடுப்பைப் பக்கமிதவைத் தோணிக்காக வாங்க வேண்டாம். ஒரு மணி நேரம் இரவலாவது வாங்கி வலித்துப் பார்க்காமல் கார்பனுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். கையில் இருக்கும் பணம் துடுப்புக்கும் லைஃப் ஜாக்கெட்டுக்கும் சேர்த்துப் போதவில்லை என்றால், முதலில் லைஃப் ஜாக்கெட்டை வாங்குங்கள்.