பால்வாடி எந்தத் தெருவில் இருக்கிறது?

ஊராட்சிக்கு ஒரு பால்வாடி இருந்தால் அரசுக் கணக்கு நேராகிவிடும். ஆனால், அந்தப் பால்வாடி ஊருக்குள் இருக்கிறதா, காலனிக்குள் இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் 3 வயதுக் குழந்தையின் படிப்பு தொடங்குவதும் தொடங்காததும் முடிவாகிறது. அந்தக் குழந்தையால் தனியாக நடந்து போக முடியாது. கொண்டுபோய் விடவும், திரும்ப அழைத்து வரவும் ஓர் ஆள் வேண்டும். காலை 7 மணிக்கே களையெடுக்கவோ நடவுக்கோ புறப்படும் கூலித் தாய்க்கு அந்த ஆள் எங்கே கிடைப்பார்?

ஊருக்கும் காலனிக்கும் நடுவே ஒரு நெடுஞ்சாலையோ, ஏரிக்கரையோ, ஓடையோ இருப்பதை நம் மாவட்டங்களில் சாதாரணமாகப் பார்க்கிறோம். அதைத் தாண்டித்தான் பால்வாடிக்குப் போக வேண்டும் என்றால், குழந்தை பாட்டியிடம் விடப்படுகிறது. பாட்டியும் இல்லாத வீட்டில் அக்கா பள்ளிக்கு மட்டம் போடுகிறாள். கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் போகும் குடும்பங்களில் குழந்தையும் வேலைத்தளத்துக்கே போய்விடுகிறது. பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று இதைப் பார்த்துச் சொல்பவர்கள், மையம் கட்ட இடம் தேர்வு செய்த நாளில் காலனி மக்களிடம் யாராவது கேட்டார்களா என்பதையும் விசாரிக்க வேண்டும்.

சோறு மட்டுமா?

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ம் தேதி நாடு முழுவதும் 33 இடங்களில் தொடங்கப்பட்டது. தமிழகத்தில் 1982 ஜூலை 1-ல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் 2 வயது முதலான குழந்தைகளையும் மையங்களுக்கு அழைத்து வந்தது. இன்று மாநிலத்தில் சுமார் 54 ஆயிரம் அங்கன்வாடி மையங்கள் உள்ளன. மதிய உணவு, முட்டை, சத்துமாவு, தடுப்பூசி, எடை பார்த்தல் ஆகியவற்றோடு முன்பருவக் கல்வியும் அங்கே உண்டு. ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற பெயரில் அதற்கெனப் பாடத்திட்டமே இருக்கிறது.

பாட்டு, கதை, நிறம் பிரித்தல், எண்ணுதல், வரிசையில் நிற்பது, கூச்சமில்லாமல் பேசுவது எல்லாம் இந்த வயதில் பழக வேண்டியவை. இதைப் பழகிய பிள்ளையும் பழகாத பிள்ளையும் ஒன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காரும்போது வித்தியாசம் தெரிந்துவிடும். தலைமுறை தலைமுறையாக எழுத்து மறுக்கப்பட்ட வீட்டில், வீட்டுப்பாடம் சொல்லித்தர ஆள் இல்லாத பிள்ளைக்கு இந்த 3 ஆண்டுகள் பெரிய பலம். அதை இழந்துவிட்டு வரும் பிள்ளையை ‘மந்தம்’ என்று வகுப்பில் ஒதுக்குவது வேறொரு அநீதி.

நீதிமன்றம் தந்த உரிமை

உணவு உரிமை கேட்டு மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001-ல் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் பல உத்தரவுகளைப் பிறப்பித்தது. 2006 டிசம்பர் 13-ம் தேதி உத்தரவு நம் வாசகர்கள் மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. புதிய மையங்கள் திறக்கும்போது பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்கிறது அது. 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 40 பேராவது இருந்து, மையம் இல்லாத கிராமக் குடியிருப்போ நகர்ப்புறக் குடிசைப் பகுதியோ கோரிக்கை வைத்தால், 3 மாதத்துக்குள் அங்கன்வாடி திறக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

கிராமப்புறத்தில் 400 முதல் 800 பேருக்கு ஒரு மையம், 150 முதல் 400 பேருக்கு ஒரு குறு மையம் என்பது மத்திய அரசின் அளவுகோல். நம் காலனிகள் பலவும் இந்தக் கணக்குக்குள் வரக்கூடியவை. மையம் வராததற்குக் கேட்பவர் இல்லாததும் ஒரு காரணம் என்றே நினைக்கிறோம்.

வேலைத்தளத்துக்கும் விதி இருந்தது. 100 நாள் வேலைக்கு வரும் பெண்களுடன் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 5 பேர் அல்லது அதற்கு மேல் வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவருக்கும் கூலி தர வேண்டும் என்று 2005-ம் ஆண்டு வேலை உறுதிச் சட்டத்தின் அட்டவணையிலேயே எழுதியிருந்தார்கள். மரத்தடியில் சேலைத் தூளி கட்டிவிட்டு மண் சுமந்த தாய்மாரில் எத்தனை பேருக்கு அது சொல்லப்பட்டது?

யார் சமைப்பது, யார் பரிமாறுவது?

காலனியில் மையம் வைத்தால் ஊர்ப் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று ஒரு வாதம் வரும். காலனிப் பிள்ளைகள் இத்தனை காலம் ஊருக்குள் போகத் தயங்கியபோது இந்தக் கவலை எழவில்லை. இரண்டு குடியிருப்புக்கும் பொதுவான இடத்தில் மையம் அமைவதே முதல் விருப்பம். அது முடியாதபோது, நடந்து வர ஆள் இல்லாத பிள்ளைக்கு அருகில் அமைவதுதான் நியாயம்.

சமையல் பிரச்சினையும் இதோடு சேர்ந்ததே. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில், பட்டியலினப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் எதிர்த்தனர். அதிகாரிகள் முதலில் இடமாற்றம் செய்தது அந்தப் பெண்ணைத்தான். கண்டனம் எழுந்த பிறகே உத்தரவு ரத்தானது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, கல்வி நிலையத்துக்குள் நுழைவதைத் தடுப்பதும், பொதுப் பயன்பாட்டுப் பாத்திரங்களைப் பயன்படுத்தத் தடுப்பதும் அச்சட்டப்படி குற்றம். குழந்தைக்குத் தனித் தட்டு, தனி வரிசை வைத்தால் பெற்றோர் பொறுத்துப்போக வேண்டியதில்லை.

தனியார் பள்ளி வாசல்

காலனிக்குள் தனியார் பள்ளி வேன் வருவது இப்போது புதிதல்ல. மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி சிறுபான்மை அல்லாத தனியார் பள்ளிகள் எல்கேஜி முதற்கொண்டு 25 சதவீத இடங்களைக் கட்டணமின்றித் தர வேண்டும். ஆனால் அது சுற்றுவட்டாரப் பள்ளிக்கே பொருந்தும். ஊர்க்கோடியில் உள்ள காலனிகள் பலவற்றின் அருகே அப்படியொரு பள்ளியே இருக்காது. மத்திய, மாநில அரசுகளின் நிதித் தகராறில் 2025-26 சேர்க்கையும் கல்வியாண்டு தொடங்கிப் பல மாதங்கள் கழித்தே நடந்தது. 2019 ஜனவரியில் அரசுப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கப்பட்டன. 54 ஆயிரம் மையங்களோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய பங்கு. அரசு இதை விரிவாக்கும்போது காலனி மையங்களிலிருந்து தொடங்க வேண்டும். முறையான ஊதியத்தில் பயிற்சி பெற்ற ஆசிரியரையும் நியமிக்க வேண்டும்.

செய்ய வேண்டியது

படித்த இளைஞர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் காலனியில் வீடு வீடாகப் போய், 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். எத்தனை பேர் பால்வாடிக்குப் போகிறார்கள், போகாதவர்களுக்கு என்ன தடை என்பதையும் குறியுங்கள். எண்ணிக்கை 40-ஐத் தொட்டால் உச்ச நீதிமன்ற உத்தரவின் தேதியைக் குறிப்பிட்டு, பெற்றோர் கையெழுத்துடன் மனு எழுதுங்கள். அதற்குக் குறைந்தால் மக்கள்தொகையைக் காட்டிக் குறு மையம் கேளுங்கள்.

மனுவை வட்டாரக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடமும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்து ரசீது வாங்குங்கள். கிராம சபையில் தீர்மானமாக எழுத வையுங்கள்; ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 முறை சபை கூடுகிறது. 3 மாதம் கடந்தும் பதில் இல்லையென்றால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுவின் நிலையைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

இடம் இல்லை என்பதுதான் வழக்கமாக வரும் முதல் பதில். காலனியில் உள்ள அரசுப் புறம்போக்கு நிலம், பயன்படாத சமுதாயக் கூடம் ஆகியவற்றின் விவரத்தையும் மனுவோடு இணைத்துவிட்டால், அந்தப் பதிலுக்கு இடமிருக்காது.