பழங்களையும் காய்கறிகளையும் புட்டிகளில் காத்தல்

ஆண்டுதோறும் ஜூன், ஜூலை மாதங்களில் சித்தூர், திருப்பதி ஜில்லாக்களின் சாலைகளில் மாங்கனி ஏற்றிய வண்டிகள் வரிசையாகச் செல்வதைக் காணலாம். அவற்றுள் பெரும்பாலானவை ஏற்றிச் செல்வது தோத்தாபுரி என்னும் ரகம். தமிழ்நாட்டில் இதனைக் கிளிமூக்கு என்பர். பழக்கூழ் தயாரிக்கும் ஆலைகளை நம்பியே இது மிகுதியாகப் பயிரிடப்படுகிறது. 2025-ஆம் ஆண்டில் இதன் விலை வீழ்ந்தபோது, விவசாயிக்குக் கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்கவேண்டுமென ஆந்திர அரசாங்கம் நிர்ணயித்தது. அதில் 8 ரூபாயை ஆலைகளும் 4 ரூபாயை அரசாங்கமும் அளிப்பதென ஏற்பாடாயிற்று. பழைய சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்த மதனப்பள்ளியின் தக்காளிக்கும் விலைவீழ்ச்சி புதிதன்று.

வீட்டில் நிரப்பும் சில புட்டிகள் சந்தை விலையை உயர்த்திவிட மாட்டா. ஆயினும் தோட்டத்தில் அழுகிப்போகும் விளைபொருள், முறைப்படி காக்கப்பட்டால், குடும்பத்துக்குப் பல மாதங்களுக்கு உணவாகும். முறை தவறினாலோ அதே புட்டி உயிருக்கு உலை வைக்கவும் கூடும். எனவே, எதனைப் புட்டியில் அடைக்கலாம், எதனை அடைக்கலாகாது என்பதை நாம் முதலில் அறிதல் வேண்டும்.

உணவைப் புட்டியில் இட்டு, மூடி, கொதிநீரில் வேகவைத்துக் காக்கும் முறையை வெளியிட்டவர் பிரான்சு நாட்டு நிக்கோலா அப்பேர். இதற்காக அவர் 1810-இல் 12,000 பிராங்க் பரிசு பெற்றார். உணவு கெடாமலிருப்பதன் காரணத்தை அவர் அறிந்திலர். நுண்ணுயிர்களே கெடுதிக்குக் காரணம் என்பதை லூயி பாஸ்டர் விளக்கியது ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின்னரே.

இந்நுண்ணுயிர்களுள் மிகக் கொடியது குளோஸ்டிரிடியம் பொட்டுலினம். மண்ணில் வாழும் இப்பாக்டீரியா, கனத்த உறை பூண்டு வித்துப்போல் அடங்கியிருக்க வல்லது. அவ்வித்துக்கள் கொதிநீரில் பல மணி நேரம் கிடந்தாலும் மடிவதில்லை. காற்றுப் புகாத புட்டியினுள் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். அந்நஞ்சு நரம்புகளைத் தாக்கும்; பார்வை மங்கும், விழுங்குதல் அரிதாகும், இறுதியில் மூச்சு நிற்கும். நஞ்சேறிய உணவு நிறத்திலோ மணத்திலோ வேறுபடாமலும் இருக்கலாம்.

இவ்வித்துக்களை முளைக்கவொட்டாமல் தடுப்பது புளிப்பு. அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். எண் 4.6-ஐ விடக் குறைவாயிருப்பின் அவை வளரமாட்டா. மாங்கூழும் தக்காளியும் பொதுவாக இவ்வெல்லைக்கு உட்பட்டவை. ஆகவே அவற்றிற்குக் கொதிநீரே போதுமானது. ஆனால் நன்கு கனிந்தவற்றில் புளிப்புக் குறைந்து எல்லை மீறுவதும் உண்டு. அதனால் எலுமிச்சை உப்பு எனக் கடைகளில் விற்கும் சிட்ரிக் அமிலத்தைச் சேர்த்தல் அவசியம்.

தக்காளியைக் காக்கும் முறை வருமாறு: கெடாத, கீறலற்ற பழங்களைக் கழுவிக் கொதிநீரில் ஒரு நிமிடம் இட்டு எடுத்துத் தோலை உரிக்கவும். நறுக்கி மசித்து ஐந்து நிமிடம் கொதிக்கவிடவும். அரை லிட்டர் அளவுள்ள கண்ணாடிப் புட்டி ஒவ்வொன்றிலும் கால் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் இட்டு, சூடான தக்காளியை மேலே அரை அங்குலம் இடம் விட்டு நிரப்பி, காற்றுப் புகாதவாறு மூடவும். மூடிக்கு மேல் ஓர் அங்குலம் நீர் நிற்குமாறு புட்டிகளைக் கொதிநீரில் அமிழ்த்தவும். அமெரிக்க விவசாய இலாகாவின் அட்டவணைப்படி, கடல்மட்டத்திலிருந்து 1,000 அடி வரை உயரமுள்ள இடங்களில் 35 நிமிடமும், 1,000 முதல் 3,000 அடி வரை 40 நிமிடமும் கொதிக்கவேண்டும். உயரம் ஏறஏற நீர் குறைந்த உஷ்ணத்திலேயே கொதிப்பதே இதன் காரணம். திருப்பதி நகருக்கு 35 நிமிடம் போதும். 2,000 அடிக்கு மேலுள்ள மதனப்பள்ளிக்கு 40 நிமிடம் தேவை.

அவரை, பீன்ஸ், வெண்டை, கத்தரி, காரட் முதலியவற்றில் புளிப்பு மிகக் குறைவு. அவற்றைக் காக்க, நீராவியின் அழுத்தத்தால் உஷ்ணத்தை 121 டிகிரி சென்டிகிரேடு அளவுக்கு உயர்த்தவேண்டும். இதற்கெனச் செய்யப்பட்ட சாதனம் ஆலைகளில் உண்டு. சமையலறைப் பிரஷர் குக்கர் அதற்கு ஈடாகாது. ஆதலால் இக்காய்களை வீட்டில் புட்டியில் அடைக்கும்படி எவருக்கும் யோசனை கூறலாகாது. நம் முன்னோர் கண்ட வழிகளே இவற்றிற்கு ஏற்றவை. கத்தரியையும் வெண்டையையும் வற்றலாக்கலாம். வெயில் ஈரத்தை நீக்க, கிருமிகள் வாழ வகையற்றுப் போகின்றன. உப்பும் புளிப்பும் மிகுந்த ஊறுகாயும், மாங்கூழைப் பரப்பி உலர்த்தும் மாமிடி தாண்ட்ராவும் இவ்வாறு நிலைப்பவையே.

ஆசிரியர்கள் பி.எச். தாளைக் கொண்டு மாங்கூழ், தக்காளிச் சாறு, பீன்ஸ் வேகவைத்த நீர் ஆகிய மூன்றையும் வகுப்பில் சோதித்துக் காட்டலாம். தாளில் தோன்றும் நிற வேறுபாடு பாடத்தை மாணவர் மனத்தில் பதிக்கும். கிராமங்களில் செயல்முறை காட்டும் ஊழியர்கள், புட்டிதோறும் தேதியைக் குறிக்கச் செய்யவேண்டும். மூடி உப்பியதையும், கசிந்ததையும், திறக்கையில் சீறியதையும் சுவைத்துப் பார்க்காமல், குழந்தைகளும் கால்நடைகளும் எட்டாதவாறு அப்புறப்படுத்தச் சொல்லவேண்டும். விற்பனைக்காகத் தயாரிப்போர் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்துகொள்வதும் கட்டாயம். மைசூரில் 1950-இல் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் பயிற்சி அளித்து வருகிறது.

புளித்ததைப் புட்டியில் அடைக்கலாம். புளிக்காததை உலர்த்துக, அல்லது ஊறவைத்திடுக. இவ்வொன்றை ஒவ்வொரு வீட்டிலும் நினைவில் நிறுத்திவிட்டால், நம் ஊழியர்களின் உழைப்பு வீண்போகாது.