பழைய லேப்டாப்பில் ஒரு குழுப் பெட்டகம்

இயற்கை விவசாயத்துக்கு வந்தால் தாள் வேலை குறையும் என்று நினைத்து வருகிறவர்கள் நிறைய. பிஜிஎஸ் குழுவில் சேர்ந்ததுமே சங்கதி தெரிந்துவிடும். குறைந்தது ஐந்து பேர் கொண்ட குழு, ஒருவர் வயலை மற்றவர்கள் பார்த்து எழுதும் மதிப்பீட்டுத் தாள், உறுதிமொழி, பண்ணைக் குறிப்பு, சிட்டா நகல், ஆதார் நகல், வயல் படங்கள். சான்று கைக்கு வருவது இவற்றின் பலத்தில்தான். இவையெல்லாம் எங்கே இருக்கின்றன என்று எந்தக் குழுவில் கேட்டாலும் ஒரே பதில்தான்: "நம்ம தம்பி செல்லுல கெடக்கு அண்ணாச்சி." மிச்சம் வாட்ஸ்அப்பில். அதுவோ படத்தைச் சுருக்கி அனுப்பும். இலைப்புள்ளியைப் பெரிதாக்கிப் பார்த்தால் வெறும் கலங்கல்.

செல் தொலையும். சரி, இணையத்தில் ஏற்றி வைத்தால்? நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் இரண்டு அனுபவம் உண்டு. 2018 மே 22 துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள் தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தினார்கள். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. தாமிரபரணி ஊருக்குள் வந்தது, கரண்ட் போச்சு, டவரும் போச்சு. 'கிளவுட்'டில் வைத்திருந்தவர்கள் நிஜ மேகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதனால் குழுவின் தாள்கள் குழுவின் வீட்டிலேயே இருக்கட்டும். இதற்குப் புது மெஷின் வாங்க வேண்டாம். 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப் ஊருக்குப் பத்தாவது பரண் மேல் கிடக்கும். பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குப் போயாச்சு. அதில் 2 ஜிபி ராம் இருந்தாலே இந்த வேலைக்குத் தாராளம்.

பேட்டரி உப்பியிருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள், அதில் விளையாட்டு வேண்டாம். நல்ல பேட்டரியாக இருந்தால் அதுவே யுபிஎஸ் மாதிரி. ரூட்டருக்குத்தான் பேட்டரி கிடையாது. அதற்கு ஒரு சின்ன 12 வோல்ட் மினி யுபிஎஸ் வேண்டும் (உங்கள் அடாப்டரில் 12 என்று போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள்). இணைய இணைப்பே இல்லாவிட்டாலும் ரூட்டர் வீட்டுக்குள் வைஃபை கொடுக்கும் என்பது பல பேருக்குத் தெரிவதில்லை. மழைநாளில் நமக்கு வேண்டியது அதுதான்.

பழைய விண்டோஸை அழித்துவிட்டு டெபியன் லினக்ஸை பென்டிரைவ் வழியாக ஏற்ற வேண்டும், இலவசம்தான். படம், பட்டன் உள்ள திரைப்பகுதி வேண்டாம் என்று சொன்னால் இன்னும் லேசாக ஓடும். மூடியை மூடினாலும் தூங்காதே என்று அமைப்பில் ஒரு வரி மாற்ற வேண்டும். ரூட்டரில் அந்த லேப்டாப்புக்கு 192.168.1.10 போல ஓர் எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். கோப்புகளைப் பகிர்வது சாம்பா என்ற நிரல். 1992-ல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கியது. செல்போனில் நெட்வொர்க் கோப்புகளைத் திறக்கிற ஃபைல் மேனேஜர் ஒன்று இருந்தால் போதும். கட்டளை தட்டக் கை நடுங்குகிறவர்களுக்கு ஃப்ரீடம்பாக்ஸ் இருக்கிறது. பிரவுசரில் பட்டனை அழுத்தியே எல்லாம் செய்யலாம். தெலுங்கானாவில் சுவேச்சா அமைப்பினர் இதைக் கிராமங்களில் நிறுவியிருக்கிறார்கள்.

செலவு? சும்மா ஓடும்போது 12 வாட் என்று வைத்தால் மாதம் 9 யூனிட்டுக்குள் முடியும்.

இனிதான் எனக்குப் பிடித்த பகுதி. வங்கியில் பெட்டகத்தை ஒருத்தர் தனியாகத் திறக்க முடியாது. இரண்டு சாவி, இரண்டு பேரிடம். மாற்றுச் சாவி வேறு கிளையில் இருக்கும். எங்கள் குழுவிலும் அப்படியே மூன்று உறைகள் போட்டிருக்கிறோம். 'பொது'வில் விதைப் பட்டியல், கரைசல் குறிப்பு, யாரும் படிக்கலாம். 'வயல்' உறையில் அவரவர் அவரவர் பக்கத்தில் மட்டும் எழுதலாம். 'பெட்டி'யில் ஆதாரும் சிட்டாவும் பாஸ்புக் நகலும், சங்கேதப் பூட்டோடு. கடவுச்சொல்லின் முன்பாதி ஒருவரிடம், பின்பாதி இன்னொருவரிடம். முழுச்சொல் முத்திரையிட்ட கவரில் மூன்றாவது வீட்டில். "நம்ம பயலுவளுக்குள்ள எதுக்கு சார் இவ்வளவு?" என்று ஒருத்தர் கேட்டார். ஆதார் நகல் என்பது கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக் மாதிரி என்றேன், அதற்கப்புறம் கேட்கவில்லை. முழு டிஸ்க்கையும் பூட்டலாம்தான். ஆனால் கரண்ட் போய் மெஷின் அணைந்து மறுபடி ஓடும்போதெல்லாம் யாராவது வந்து கடவுச்சொல் அடிக்க வேண்டும். நம் ஊர் மின்சாரத்துக்கு அது ஒத்துவராது.

வெளியூரிலிருந்தும் திறக்கலாமே என்று ரூட்டரில் வழி திறந்துவிடுவார்கள் சில தம்பிகள். கூடாது. 2017-ல் வான்னாக்ரை வைரஸ் விண்டோஸின் இந்தக் கோப்புப் பகிர்வு வழியைப் பிடித்துத்தான் உலகம் முழுக்கப் பரவியது.

வெள்ளம் லேப்டாப்பையும் விடாது. ஜன்னலுக்கு மேலே பலகை அடித்து வையுங்கள். உப்பளக் காற்று இரும்பையே தின்கிற ஊர் நம்முடையது. விசிறித் துளையை மாதம் ஒருமுறை தூரிகையால் துடையுங்கள், பெட்டிக்குள் அடைக்காதீர்கள். தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி, அதுவும் வேறு ஊரில். ஆற்றங்கரை வாழைக்காரர்கள் கோவில்பட்டிப் பக்கம் மேட்டுநிலச் சொந்தம் வீட்டில் வைக்கலாம். எங்களுக்கு நாள் மறக்காதிருக்க அமாவாசைக்கு அமாவாசை பிரதி எடுக்கிறோம். வருகிற அமாவாசைக்கு ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால் படங்கள் ஏறுகின்றன.