புரூட்டஸ் சொல்லாத சொல்

பகைவன் வெட்டினால் உடல் நோகும்; நண்பன் வெட்டினால் உள்ளமும் உடன் சாகும். ‘கூட இருந்தே குழி பறித்தான்’ என்று நம் மக்கள் மனம் வெதும்பிச் சொல்வதன் பொருள் இதுவே. இவ்வேதனையை உலகறிய மேடையேற்றிய நாடகம், 1599-ஆம் ஆண்டில் இலண்டனில் நடிக்கப்பெற்ற ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’.

கதை வரலாற்றில் நிகழ்ந்ததே. உரோமையர் தமக்குள் பொருத உள்நாட்டுப் போரில் புரூட்டஸ் சீசரை எதிர்த்துப் பொம்பேயின் பக்கம் நின்றான். கி.மு. 48-இல் பொம்பேய் தோற்றதும் சீசர் அவனை மன்னித்தார், பதவிகள் தந்து உயர்த்தினார், நண்பனாகவே கொண்டார். நான்கு ஆண்டுகள் சென்றபின், கி.மு. 44 மார்ச் 15 அன்று, செனட் சபை கூடிய மண்டபத்திலேயே சீசர் குத்திக் கொல்லப்பட்டார். அவர் உடலில் 23 காயங்கள் என்பர் பண்டைய ஆசிரியர்கள். குத்திய கைகளுள் ஒன்று புரூட்டஸின் கை.

புரூட்டஸைக் கொடியவனாக ஷேக்ஸ்பியர் காட்டவில்லை. அவனுக்குப் பொன்னாசை இல்லை, பதவியாசையும் இல்லை. நாட்டின்மீது அவன் கொண்ட பற்று உண்மையானது. அங்ஙனமாயின் அவன் எங்கே தவறினான்?

கொலைக்கு முந்திய இரவு. புரூட்டஸ் உறக்கமின்றித் தன் தோட்டத்தில் தனியே உலவுகிறான். சீசர் தனக்கு இழைத்த தீங்கு ஏதுமில்லை என்பதை அவன் மனமே ஒப்புக்கொள்கிறது. முடி சூடினால் நாளை மாறிவிடுவாரோ என்னும் ஐயம் ஒன்றே அவனை வாட்டுகிறது. இன்னும் நிகழாத குற்றத்திற்காக நண்பனுக்கு மரணத் தீர்ப்பு எழுதுகிறான்! காசியஸ் என்பவனோ, ஊரார் பலர் எழுதியவைபோல் வெவ்வேறு கையெழுத்தில் பொய்க் கடிதங்கள் புனைந்து, புரூட்டஸின் வீட்டுக்குள் எறியச் செய்கிறான். பங்கு இல்லங்களுக்கு வந்து சேரும் மொட்டைக் கடிதங்களை நாமும் அறிவோம். அவற்றின் வேலை அன்றும் இன்றும் ஒன்றே.

பொழுது புலர்கிறது. அழைத்துப்போக வந்தவர்களைச் சீசர் நண்பர்களே என விளித்து, உடன் அமர்ந்து மது அருந்த அழைக்கிறார். பின்னர் மன்றத்தில், நாடு கடத்தப்பட்ட ஒருவனுக்காகப் பரிந்து பேசுவதுபோல் புரூட்டஸ் முன்வந்து சீசரின் கையை முத்தமிடுகிறான். சற்று நேரத்தில் குறுவாள்கள் பாய்கின்றன. கெத்சமனித் தோட்டத்தில் யூதாசு தந்த முத்தம் நம் நினைவுக்கு வராமல் போகுமா? இத்தாலியப் பெருங்கவிஞர் தாந்தே, நரகத்தின் அடியாழத்தில் யூதாசையும் புரூட்டஸையும் காசியஸையும் ஒருங்கே வைத்துப் பாடியது இதனாலேயே.

அந்த இரவில் புரூட்டஸ் சீசரின் கதவைத் தட்டியிருக்கலாம். “உம் போக்கு எனக்கு அச்சமூட்டுகிறது” என்று நேருக்கு நேர் சொல்லியிருக்கலாம். சீசர் சினந்திருக்கக்கூடும், நட்பே முறிந்திருக்கவும் கூடும். ஆயினும் அவன் கை குருதியில் நனைந்திராது. சகோதரன் குற்றம் செய்தால் முதலில் அவனிடம் தனியே சென்று உணர்த்துமாறு நம் ஆண்டவர் பணித்தார் (மத். 18:15). நண்பன் நெறி தவறும்போது முன்சென்று இடித்துரைப்பதே நட்பு என வள்ளுவரும் வகுத்தார். இயேசு தம்மைக் காட்டிக்கொடுப்பவனை முன்னரே அறிந்திருந்தும் அவன் பாதங்களைக் கழுவினார்; பந்தியில் எச்சரித்தார்; முத்தமிட்ட வேளையிலும் அவனை நண்பனென்றே அழைத்தார். இறுதிவரை கதவைத் திறந்தே வைத்திருந்தார்.

புரூட்டஸ் அடைந்த பயன் யாது? கி.மு. 42-இல் பிலிப்பி நகரருகே நிகழ்ந்த போரில் தோற்று, அவனும் காசியஸும் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். எந்த முடியாட்சியைத் தடுக்க நண்பனைக் கொன்றானோ, அந்த ஆட்சியே கி.மு. 27-இல் அகுஸ்து சீசர் உருவில் வந்தது. நம் மீட்பர் பிறந்த காலத்தில் மக்கள்தொகையைக் கணக்கிடக் கட்டளையிட்டவர் இவரே (லூக். 2:1).

ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து அதே பிலிப்பியில் புனித சின்னப்பர் நற்செய்தியை அறிவித்தார். பின்னர் அச்சபைக்குச் சிறையிலிருந்து எழுதிய திருமுகத்தில், மனவேறுபாடு கொண்டிருந்த எவோதியா, சிந்திக்கே என்னும் இரு பெண்களையும் ஒருமனப்படுமாறு பெயர் சொல்லியே வேண்டினார் (பிலிப். 4:2). அவர்களுக்குத் துணை நிற்குமாறு தம் உடனுழைப்பாளரையும் கேட்டுக்கொண்டார். மறைவான பகை வாளில் முடிந்த ஊரில், வெளிப்படையான சொல்லால் உறவைக் காக்க முயன்றார் அப்போஸ்தலர்.

அன்பு வாசகர்களே, பாகப்பிரிவினையில் பேச்சறுந்த அண்ணன் தம்பியரும், அன்பியத்தில் முகம் பாராத அண்டை வீட்டாரும் நம்மிடையே இல்லையா? ஊரெல்லாம் ஒருவரைப் பற்றிப் பேசிவிட்டு, அவரிடம் மட்டும் பேசாதிருக்கிறோமே! வரும் ஞாயிறன்று பலிபீடத்தை அணுகுமுன், அந்த ஒருவரின் கதவை நாம் தட்டுவோமா?