ஒன்றரை ஜி.பி. எங்கே போச்சு பாஸ்?

ராத்திரி எட்டரை மணி. ஹாஸ்டல் மொட்டை மாடி. ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்கு இன்னிக்குத்தான் கடைசி நாள். எல்லாக் கட்டத்தையும் பக்காவா நிரப்பிட்டு, வருமானச் சான்றிதழை அப்லோடு பண்ணப் போறீங்க. 'டொய்ங்'னு ஒரு எஸ்.எம்.எஸ். இன்றைய டேட்டா காலியாம்! திரையில வட்டம் சுத்துது... சுத்துது... சுத்திக்கிட்டே இருக்குது. "மச்சான், ஹாட்ஸ்பாட் ஆன் பண்ணுடா!"னு ரூம் ரூமா ஓடுறீங்க. அவனோ மத்தியானமே எல்லாத்தையும் காலி பண்ணிட்டு கேரம் ஆடிக்கிட்டு இருக்கான்!

சிரிக்காதீங்க. இது உங்க கதையும்தான். 2016-ம் வருஷம் செப்டம்பர் 5-ம் தேதி ஜியோ வர்றதுக்கு முன்னாடி, ஒரு மாசத்துக்கு 1 ஜி.பி. வாங்கவே 200 ரூபாய்க்கு மேல அழணும். அப்போ சொட்டுச் சொட்டா செலவு பண்ணினாங்க நம்ம சீனியர்ஸ். இப்போ ஒரு நாளைக்கே ஒன்றரை ஜி.பி., ரெண்டு ஜி.பி. ஆனாலும் ராத்திரியானா பஞ்சம். ஏன்?

கணக்குல நீங்க வீக்கா? பரவாயில்லை, இது ரொம்ப ஈஸி. நெட் வேகத்தை 'பிட்'ல சொல்வாங்க, பேக்கை 'பைட்'ல விப்பாங்க. 8 பிட் சேர்ந்தா 1 பைட். நீங்க பார்க்குற வீடியோ நொடிக்கு 1 மெகாபிட் வீதம் ஓடினா, ஒரு மணி நேரத்துக்கு 450 எம்.பி. அதே வீடியோ நொடிக்கு 4 மெகாபிட் வீதம் ஓடினா 1,800 எம்.பி. அதாவது, உங்க ஒன்றரை ஜி.பி. அம்பதே நிமிஷத்துல ஸ்வாஹா! ஒரு படத்தோட இன்டர்வெல் வரைக்கும்கூட தாங்காது.

இன்னொரு மேட்டர். 480 தரத்துல இருக்குற வீடியோவை விட 1080 தரத்துல புள்ளிகள் சுமார் அஞ்சு மடங்கு அதிகம். உள்ளங்கை சைஸ் திரையில, அதுவும் பஸ்ல தொங்கிக்கிட்டுப் பார்க்கும்போது, அந்த அஞ்சு மடங்கு உங்க கண்ணுக்குத் தெரியுமா? தெரியாது. ஆனா உங்க பேக்குக்கு நல்லாவே தெரியும்!

சரி, பேக் தீர்ந்தா என்ன, நெட்தான் முழுசா நிக்காதேனு கேட்பீங்க. பல பிளான்கள்ல அதுக்கப்புறம் வேகம் 64 கிலோபிட். 2 எம்.பி. சான்றிதழ் ஒண்ணை ஏத்த, நடுவுல கட் ஆகாம இருந்தாலே நாலு நிமிஷத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள வெப்சைட்டே உங்களை வெளியே தள்ளிடும்.

ஓட்டையை அடைங்க!

* வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா'னு ஒரு இடம். அதுல மொபைல் டேட்டாவுக்கான ஆட்டோ டவுன்லோடு டிக் எல்லாத்தையும் எடுத்துடுங்க. பெரியப்பா அனுப்புற 'குட் மார்னிங்' ரோஜாப்பூ வீடியோ, நீங்க தொட்டா மட்டும் இறங்கும்.

* யூடியூப்ல வீடியோ தரத்தை 'டேட்டா சேவர்'ல வைங்க. ஆட்டோபிளேயை அணைங்க. நீங்க தூங்கினதுக்கு அப்புறமும் அது பாட்டுக்குப் பாடிக்கிட்டு இருக்க வேண்டாம்.

* ஆண்ட்ராய்டு போன்ல 2016-லயிருந்தே 'டேட்டா சேவர்' இருக்கு. ஐபோன்ல 2019-லயிருந்து 'லோ டேட்டா மோட்'. பின்னணியில திருட்டுத்தனமா டேட்டா குடிக்கிற ஆப்களுக்கு அது கடிவாளம்.

* ஃபிரெண்டோட ஹாட்ஸ்பாட்ல லேப்டாப்பை மாட்டுறீங்களா? லேப்டாப் அதை சாதாரண வைஃபைனு நினைச்சுக்கிட்டு, விண்டோஸ் அப்டேட்டை மொத்தமா இறக்க ஆரம்பிச்சுடும். அந்த வைஃபை செட்டிங்ஸ்ல 'மீட்டர்டு கனெக்‌ஷன்'ஐ ஆன் பண்ணிடுங்க. நட்பு நீடிக்கும்!

* 28 நாள் பேக்கை 'மாசம்'னு நம்பாதீங்க. 365-ஐ 28-ஆல் வகுத்துப் பாருங்க. வருஷத்துக்கு 12 இல்லை, 13 ரீசார்ஜ்! 30 நாள் பிளான் ஒண்ணாவது, மாசாமாசம் அதே தேதியில புதுப்பிக்கிற பிளான் ஒண்ணாவது கம்பெனிகள் தரணும்னு டிராய் 2022-லயே உத்தரவு போட்டிருக்கு. கேட்டு வாங்குங்க.

புது போன் வாங்கப் போறீங்களா?

'அந்த போன்ல இருந்தா டேட்டா தீராது, ஃபோட்டோ சும்மா அள்ளும்'னு மனசு கிடந்து அடிச்சுக்குதா? ஒரு நிமிஷம்... கடை போர்டுல கொட்டை எழுத்துல இருக்குறதை அப்புறம் பாருங்க. பொடி எழுத்தை முதல்ல பாருங்க.

'108 மெகாபிக்ஸல்' கேமராவுல நீங்க எடுக்குற படம் பெரும்பாலும் 12 மெகாபிக்ஸல்தான். ஒன்பது புள்ளியை ஒண்ணாச் சேர்த்துதான் ஒரு புள்ளி பண்ணுது. அது ஏமாத்து வேலை இல்லை, இருட்டுல படம் நல்லா வர்றதுக்கான வழி. ஆனா நம்பரைப் பார்த்து மயங்காதீங்க. கடையிலயே லைட் குறைவான ஒரு மூலையில நின்னு ஒரு படம் எடுத்துப் பாருங்க.

'8 + 8 ஜி.பி. ரேம்'னு எழுதியிருந்தா, ரெண்டாவது 8 நிஜ ரேம் இல்லை. ஸ்டோரேஜ்ல இருந்து கடன் வாங்கினது. அதோட வேகம் நிஜ ரேம் பக்கத்துலகூட வராது.

எல்லாரும் மறக்குற ஒண்ணு... அப்டேட் எத்தனை வருஷம்? 2023 அக்டோபர்ல வந்த பிக்ஸல் 8-க்கும், 2024 ஜனவரியில வந்த சாம்சங் எஸ் 24-க்கும் ஏழு வருஷம்னு சொன்னாங்க. அதெல்லாம் நம்ம பட்ஜெட் இல்லைதான். ஆனா கேள்வி நம்ம பட்ஜெட்டுக்கும் பொருந்தும். 12,000 ரூபா போனுக்கு ரெண்டு வருஷம் அப்டேட்னா, வருஷத்துக்கு 6,000. 18,000 ரூபா போனுக்கு நாலு வருஷம்னா, வருஷத்துக்கு 4,500. இப்ப சொல்லுங்க, எது சீப்? பேங்க் ஆப்பும் யு.பி.ஐ-யும் இருக்குற போன்ல பாதுகாப்பு அப்டேட் நின்னு போறது, வீட்டுக் கதவோட தாழ்ப்பாள் கழண்டு விழுற மாதிரி!

பழைய போன் வாங்குறீங்களா? *#06# அடிச்சா 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. நம்பர் வரும். அதை மத்திய அரசோட 'சஞ்சார் சாத்தி' தளத்துல போட்டுப் பாருங்க. திருட்டுப் போன்னு பிளாக் ஆகியிருந்தா அங்கேயே காட்டிக் கொடுத்துடும்.

அப்புறம், 'வட்டியில்லா இ.எம்.ஐ.' பூஜ்ய சதவிகித வட்டினு ஒண்ணு கிடையவே கிடையாதுனு ரிசர்வ் வங்கி 2013-லயே வங்கிகளுக்கு சொல்லிடுச்சு. வட்டி வேற ரூபத்துல வரும். பிராசஸிங் கட்டணம் இருக்கானு பாருங்க. "மொத்தப் பணமும் இப்பவே கட்டினா எவ்வளவு குறைப்பீங்க?"னு ஒரு கேள்வி கேளுங்க. அந்த வித்தியாசம்தான் வட்டி!

இவ்ளோ கணக்கும் எதுக்குனா... உங்க கையில இருக்குற போன், வீட்டுல யாரோ ஓவர்டைம் பார்த்த காசு. அம்மா சீட்டு எடுத்த காசா இருக்கலாம். அப்பா தன்னோட உடைஞ்ச பட்டன் போனை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கிட்டு, உங்களுக்கு வாங்கிக் கொடுத்த டச் போனா இருக்கலாம். அந்த போன் ரீல்ஸ் ஓட்டவும் உதவட்டும், தப்பில்லை. ஆனா ஹால் டிக்கெட் எடுக்குற அன்னிக்கு, வேலைக்கு அப்ளை பண்ற அன்னிக்கு, அது வட்டம் சுத்திக்கிட்டு நிக்கக் கூடாது.

அதனால, கடைசித் தேதி இருக்குற நாள்ல மட்டும் ஒரு சின்ன சபதம். முதல்ல ஃபார்ம், அப்புறம் ரீல்ஸ். செஞ்சு பாருங்க பாஸ்... ராத்திரி எட்டரைக்கு ஹாஸ்டல்ல எல்லாரும் உங்க ரூம் கதவைத் தட்டி "ஹாட்ஸ்பாட் ப்ளீஸ்"னு கெஞ்சுவாங்க!