உங்களுக்குத் தெரியுமா? நெரிசலிலும் வழி தவறாத கீபோர்டு

மார்கழித் திருவாதிரையின்போது உத்தரகோசமங்கையில் மரகத நடராசரின் சந்தனக்காப்பைக் களைவார்கள். கோயிலைச் சுற்றிலும் செல்போனும் கையுமாகக் கூட்டம். அங்கே டேப்லெட்டும் ப்ளூடூத் கீபோர்டுமாக உட்கார்ந்து தட்டினாலும் எழுத்து பக்கத்து ஆளின் கருவிக்குப் போகாது! முதன்முறை இணைக்கும்போதே இரண்டும் ரகசியச் சாவி ஒன்றைப் பகிர்ந்துகொள்கின்றன. திரையில் தெரியும் எண்களைக் கீபோர்டில் அடித்து என்டர் தட்டச் சொல்வது அதற்காகத்தான். ப்ளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வைஃபையும் நெருக்கியடிக்கும். வழக்கமான ப்ளூடூத் 79 தடங்களில், நொடிக்கு 1,600 முறை வரை தடம் மாறித் தப்பிக்கிறது.

டாங்கிள் (யுஎஸ்பி ரிசீவர்) வைத்த மவுஸ் திக்கித் திணறுகிறதா? பக்கத்தில் யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க் இருக்கிறதா பாருங்கள். அது எழுப்பும் ரேடியோ இரைச்சல் இதே அலைவரிசையில் விழுவதை இன்டெல் 2012இல் விளக்கியது. டாங்கிளை எதிர்ப்பக்கத்துக்கு மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

தமிழில் அடிக்கத் தனிக் கீபோர்டு வாங்க வேண்டாம். எந்த விசை அழுந்தியது என்பதை மட்டுமே கீபோர்டு அனுப்பும். எழுத்தைத் தீர்மானிப்பது கம்ப்யூட்டர்தான். அதன் அமைப்புகளில், தமிழக அரசு 1999இல் ஏற்ற ‘தமிழ்99’ விசையமைப்பைத் தேர்ந்தெடுங்கள்: இடக்கையில் உயிர், வலக்கையில் மெய்.