ஏபிஎஸ் இருக்கு, ஆனா எந்த ஏபிஎஸ்?

பக்கத்து வீட்டுத் தம்பி இரண்டு கம்பெனிகளின் விலைப்பட்டியலோடு வந்து உட்கார்ந்திருக்கிறான். வால்பாறை, மூணாறு என்று மனைவியோடு பைக்கிலேயே சுற்ற வேண்டுமாம். "ரெண்டுலயும் ஏபிஎஸ் இருக்குண்ணே. அப்போ பாதுகாப்புல ரெண்டும் ஒண்ணுதானே?" என்கிறான். டீ ஆறுவதற்குள் பதில் சொல்லி முடிகிற கேள்வி அல்ல.

முதலில், ஏபிஎஸ் இருப்பதில் பெருமை ஒன்றும் இல்லை. 125 சிசிக்கு மேற்பட்ட புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலிருந்தும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2019 ஏப்ரலிலிருந்தும் இந்தியாவில் அது கட்டாயம். எந்த வகை ஏபிஎஸ் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அதன் வேலை இதுதான். சக்கரம் சுற்றும் வேகத்தை ஒரு சென்சார் கவனித்துக்கொண்டே இருக்கும். குறுக்கே மாடு வந்ததும் பதறிப்போய் பிரேக்கை இறுக்குகிறோம். சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்ளப் பார்க்கிறது. பூட்டிய சக்கரம் வழுக்கும். அது முன்சக்கரம் என்றால் ஹேண்டிலை எப்படித் திருப்பினாலும் பயனில்லை, ஆள் கீழே. அந்தக் கணத்தில் பிரேக் ஆயிலின் அழுத்தத்தை நொடிக்குப் பல முறை தளர்த்தி, மறுபடி கொடுத்து, சக்கரத்தைச் சுற்றவைத்தபடியே வேகத்தைக் குறைக்கிறது ஏபிஎஸ். பைக்கில் இதை 1988இல் முதலில் கொண்டுவந்தது பிஎம்டபிள்யூ, தன் கே100 வண்டியில்.

சிங்கிள் சேனல் என்றால் இந்தக் காவல் முன்சக்கரத்துக்கு மட்டும்தான். அதுவே அந்த விதிக்குப் போதும். ஊருக்குள் ஓட்டுபவர் அதை வைத்து ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் எடையெல்லாம் முன்னால் சாய்ந்து, பின்சக்கரம் லேசாகிவிடும். ஈரத் தார்ச்சாலையில் அப்போது பின் பிரேக்கை மிதித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் இழுக்கும். பின்னால் மனைவி, இருபுறமும் பை. ஆகவே டூரிங்குக்கு, இரண்டு சக்கரத்துக்கும் காவல் தரும் டூயல் சேனல் இல்லாத வண்டியை நான் பட்டியலிலேயே சேர்க்க மாட்டேன்.

ஹிமாலயன் போன்ற வண்டிகளில் பின்சக்கர ஏபிஎஸ்ஸை மட்டும் அணைத்துக்கொள்ளலாம். சரளை மண்ணில் ஏபிஎஸ் வண்டியை நிறுத்த அதிக தூரம் எடுக்கும் என்பதால் இந்த வசதி. தார்ச்சாலைக்காரர்களுக்கு அது வேண்டாத பொத்தான். சாவியை அணைத்துப் போட்டால் ஏபிஎஸ் தானாக மீண்டும் வந்துவிடுகிறதா என்று மட்டும் ஷோரூமில் கேட்டுவிட வேண்டும்.

அடுத்தது கார்னரிங் ஏபிஎஸ். டயரின் பிடிமானம் மாதச் சம்பளம் மாதிரி; வளைவில் திரும்புவதற்குப் பாதியைச் செலவழித்துவிட்டால் பிரேக்குக்கு மிச்சம்தான் கிடைக்கும். சாதாரண ஏபிஎஸ்ஸுக்கு வண்டி சாய்ந்திருப்பது தெரியாது. கார்னரிங் ஏபிஎஸ் சாய்வுக் கோணத்தையும் அளந்து, பிரேக் அழுத்தத்தை அதற்கேற்ப அடக்கும். வளைவில் திடீரென்று எதிரே பஸ் வந்தால் இதன் அருமை புரியும். கேடிஎம் 390 அட்வென்ச்சரில் இது உண்டு. கிடைத்தால் நல்லது. ஆனால் ஹெல்மெட்டுக்கும் ஜாக்கெட்டுக்கும் வைத்த பணத்தை எடுத்து இதற்குக் கொடுக்க வேண்டாம்.

எந்த ஏபிஎஸ்ஸும் இயற்பியலை மாற்றாது என்பதையும் தம்பியிடம் சொன்னேன். வேகம் இரட்டிப்பானால் பிரேக் தூரம் நான்கு மடங்கு. 100 கிலோமீட்டர் வேகத்தில், கண் பார்த்து கை பிடிக்க ஒரு நொடி ஆனாலே 28 மீட்டர் ஓடிவிடும். பிரேக் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

முறுக்கும்போது பின்சக்கரம் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோலைப் பற்றிக் கேட்டான். பெரிய இன்ஜினுக்கு அவசியம். 40 குதிரைத்திறன் வண்டிக்கு மழையில் உதவும், அவ்வளவுதான். ஏர்பேக்? ஹோண்டா கோல்ட் விங்கில் உண்டு, நம் பட்ஜெட்டில் இல்லை.

விலைப்பட்டியல் பெரிதாகச் சொல்லாத ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: கால் தரையில் எட்டுகிறதா? ஹிமாலயன் 450 வண்டியின் எடை 196 கிலோ, சீட் உயரம் 825 மில்லிமீட்டர். ஷோரூமின் சமதளத்தில் ஏறி உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தோன்றும். மனைவி பின்னால் ஏறி, சாலை ஒரு பக்கம் சரிந்திருக்க, மேட்டில் நிறுத்தி எடுக்கும்போதுதான் வண்டி சாயும். நுனிவிரல் மட்டும் தொட்டால் அந்தக் கனத்தைத் தாங்க முடியாது. டெஸ்ட் ரைடுக்கு அவரையும் கூட்டிப்போய், ஒரு மேட்டில் நிறுத்திப் பார்க்கச் சொன்னேன்.

டயர் ட்யூப்லெஸ்ஸாக இருக்கட்டும். பஞ்சரானால் பெரும்பாலும் காற்று மெதுவாக இறங்கும், ஓரங்கட்ட நேரம் கிடைக்கும். ஸ்போக் சக்கரமென்றால் ட்யூப்லெஸ் உண்டா என்று கேட்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 1224 என்றால் 2024ஆம் ஆண்டின் 12ஆவது வாரத்தில் செய்தது. செகண்ட் ஹேண்ட் எடுப்பவர்கள் வண்டியின் பளபளப்புக்கு முன் இதைப் பார்க்கட்டும். சாவி போட்டதும் எரியும் ஏபிஎஸ் விளக்கு, வண்டி கொஞ்சம் நகர்ந்ததும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றாலும் கோளாறுதான்.

எழுந்து போகும்போது கேட்டான்: "முழுக் கறுப்பு கலர் எடுக்கலாமாண்ணே? ராத்திரி கண்ணுக்குத் தெரியாதுன்னு வீட்டுல சொல்றாங்க." நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில் பைக்கின் நிறத்துக்கும் விபத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. கறுப்பு ஹெல்மெட் போட்டவர்களைவிட வெள்ளை ஹெல்மெட் போட்டவர்களுக்கு ஆபத்து 24 சதவீதம் குறைவாக இருந்தது. "வண்டி கறுப்பா எடு, ஹெல்மெட் ரெண்டும் வெள்ளையா வாங்கு" என்றேன்.